என்ஜினை இறக்குவதா, மாற்றுவதா? கொங்குத் தோட்டங்களின் சிறு டிராக்டர் கேள்வி

தொண்டாமுத்தூர்ப் பாக்குத் தோப்பிலோ கோபிசெட்டிபாளையத்து வாழைத் தோட்டத்திலோ பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்த சிறு டிராக்டர் ஒன்று நீலப் புகை விட ஆரம்பித்தால், வாரம் திரும்புவதற்குள் அந்த வீட்டுக்கு மூன்று யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். "என்ஜின் இறக்கணுங்கண்ணா" என்பார் மெக்கானிக். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளச் சொல்வார் ஷோரூம்காரர். கோவை உக்கடத்தில் பழைய என்ஜின் கிடைக்கும், வாங்கி மாட்டிவிடலாம் என்பார் மச்சான். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மூவரில் ஒருவரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இறக்குவதா மாற்றுவதா என்ற முடிவைக் கொங்குப் பகுதியில் பெரும்பாலும் புகையும் பேச்சும் கையிருப்புப் பணமும் சேர்ந்து எடுத்துவிடுகின்றன. முடிவெடுக்க வேண்டியவை வேறு மூன்று. ஒன்று, அந்த என்ஜின் எந்த இனத்தைச் சேர்ந்தது, வண்டியோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பது. இரண்டு, அளவுகோல் காட்டும் தேய்மானம். மூன்று, பயிர்க் காலண்டர். இவற்றைச் சரியாகப் பார்த்தால், டீசல் என்ஜின்களில் பெரும்பாலானவற்றை இறக்கிச் சீர்செய்வதே லாபம் என்றும், சிறு பெட்ரோல் என்ஜின்களில் பெரும்பாலானவற்றை மாற்றிவிடுவதே லாபம் என்றும் தெரியவரும். இடையில் இருக்கும் சில வண்டிகளுக்குத்தான் உண்மையிலேயே நீண்ட யோசனை தேவை.

முதலில் வண்டிகளைப் பார்ப்போம். தென்னைக்கு 25 அடிக்கு 25 அடி இடைவெளி விடுகிறோம். பாக்குக்கு 9 அடி, வாழைக்கு 6 அடி. 45 குதிரைத்திறன் டிராக்டர் பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குள் தாராளமாகத் திரும்பும். பாக்குக்குள்ளும் வாழைக்குள்ளும் அதற்கு வழி கிடையாது. அந்த இடைவெளிகளுக்குள் நுழையத்தான் சின்ன வண்டிகள் வந்தன. பெங்களூரில் 1967இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து பவர் டில்லர்களைக் கொண்டுவந்தது. கேரளத்தின் அத்தாணியில் 1973இல் உருவான அரசு நிறுவனமான கேம்கோவின் டில்லர்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பக்கமும் பரவின. பிறகு நான்கு சக்கரச் சிறு டிராக்டர்கள் வந்தன. மகிந்திராவின் யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 இரண்டும் 15 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், 863 சி.சி. சொச்சம். வி.எஸ்.டி.யின் எம்.டி. 180டி மூன்று சிலிண்டரோடு 18.5 குதிரைத்திறன். கியூபோட்டாவின் நியோஸ்டார் பி2441 மூன்று சிலிண்டர், 1123 சி.சி., 24 குதிரைத்திறன். இவற்றுக்கும் கீழே, களை எடுக்கும் பவர் வீடர்கள் 5 முதல் 7 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின்களோடு ஓடுகின்றன.

இந்த மூன்று இனங்களுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு குதிரைத்திறனில் இல்லை, என்ஜின் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. பவர் டில்லரில் என்ஜின் ஒரு சட்டத்தின் மேல் நான்கு போல்ட்டில் உட்கார்ந்து, வி-பெல்ட் வழியே கியர்பாக்ஸை ஓட்டுகிறது. போல்ட்டைக் கழற்றி, பெல்ட்டை எடுத்தால் என்ஜின் தனியே வந்துவிடும். புல்லியின் விட்டத்தையும் சுற்றுவேகத்தையும் ஒப்பிட்டுச் சரிசெய்துகொண்டால், வேறு கம்பெனியின் என்ஜினைக்கூட அங்கே உட்கார வைக்கலாம். சீனாவிலிருந்து வந்த எஸ்195 வகைப் படுக்கை என்ஜின்கள், 95 மி.மீ. போர், 115 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்டவை, இந்த வசதியால்தான் உலகம் முழுக்க டில்லர்களில் ஏறின. நான்கு சக்கர டிராக்டரில் கதை வேறு. பெரும்பாலான மாடல்களில் என்ஜின் பிளாக்கே வண்டியின் முதுகெலும்பு. பின்னால் கிளட்ச் ஹவுசிங் அதில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது, முன் அச்சின் தாங்கி முன்னால் அதில் தொங்குகிறது. அங்கே வேறு கம்பெனி என்ஜினை ஏற்றுவது என்றால் வண்டியையே மறுபடி கட்டுவதாகும். ஆகவே வேறு கம்பெனி என்ஜினை மாட்டும் வழி டில்லர்காரருக்கு உண்டு, டிராக்டர்காரருக்குக் கிடையாது. ஊர்ப்பேச்சில் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் பல தவறான முடிவுகள் பிறக்கின்றன.

பெட்ரோல் வீடருக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹோண்டா ஜிஎக்ஸ்160 போன்ற என்ஜின் 163 சி.சி., 68 மி.மீ. போர், 45 மி.மீ. ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் அலுமினிய உடல். ரிங், வால்வு, கார்புரேட்டர், மேக்னெட்டோ வரை வேலை செய்வது பயன்தரும். கனெக்டிங் ராட் உடைந்து உடலில் ஓட்டை விழுந்துவிட்டால், அல்லது போர் கீறிவிட்டால், அதற்கு மேல் செலவு செய்யக் கூடாது. அதே அளவுத் தண்டும் அதே போல்ட் இடைவெளியும் கொண்ட முழு என்ஜின்கள் கடையில் கிடைக்கின்றன. லேத் பட்டறை ஒரு நாள் கூலியோடு உதிரிகளையும் கூட்டினால் புது என்ஜின் விலையை நெருங்கிவிடும்.

டீசலுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. காரணம், டீசல் என்ஜின் பிறக்கும்போதே மறுபடி திறக்கப்படுவதற்கென்று செய்யப்பட்டது. பம்புசெட்டில் நாம் தலைமுறையாகப் பார்த்த கிர்லோஸ்கர் ஏவி1 என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 80 மி.மீ. போர், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 553 சி.சி., நிமிஷத்துக்கு 1500 சுற்று, 5 குதிரைத்திறன். லைனர் தேய்ந்தால் லைனரை உருவிப் புதியதை இறக்கலாம். பிளாக் அப்படியே இருக்கும். லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே போர் போட்ட என்ஜின்களில் 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதல் அளவுக்கு ரீபோர் செய்து, அந்த அளவுக்கான ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போடலாம். அதுவும் முடிந்தால் பெரிதாகக் கடைந்து ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே திரும்பலாம். கிராங்க் ஷாஃப்ட்டை 0.25, 0.50 என்று படிப்படியாகக் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் ஷெல் மாட்டலாம். இரண்டு மூன்று வாழ்க்கைக்கு உரிய உலோகம் அந்த என்ஜினுக்குள் இருக்கிறது. முதல் வாழ்க்கை முடிந்ததும் அதைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடுவது, வார்த்தவனின் உழைப்பையும் வாங்கியவரின் பணத்தையும் சேர்த்து வீணாக்குவது.

இந்த வேலையைச் செய்யும் கைகள் கொங்கு நாட்டில் இருப்பது தற்செயல் இல்லை. பீளமேட்டில் 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடம் தொடங்கியது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்க, மில்களும் பம்புத் தொழிலும் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். ஆவாரம்பாளையம், கணபதி, சிங்காநல்லூர்ப் பக்கம் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் வீதிவீதியாக வளர்ந்தன. மின்சாரம் எட்டாத கிணறுகளில் ஆயில் என்ஜின்கள் ஓடின. அவற்றைப் பிரித்துப் பூட்டிப் பழகிய மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருந்தார். இன்னொரு பக்கம், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார்கள், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. லாரியும் ரிக்கும் ஒரு நாள் நின்றாலும் வட்டி ஏறும் என்பதால், போரிங், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங், டீசல் பம்பு கலிபரேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறைகள் அங்கே உண்டாயின. 15 குதிரைத்திறன் தோட்டத்து டிராக்டர் அந்த லாரிகளின் நிழலில்தான் வைத்தியம் பெறுகிறது. இந்தியாவின் பல விவசாய மாவட்டங்களில் சிறு விவசாயிக்கு இந்த வசதி இல்லை.

சரி, என்ஜின் ஏன் தேய்கிறது? நமது செம்மண் முதல் எதிரி. சித்திரையில் கோடை உழவு ஓட்டும்போது ரோட்டவேட்டர் கிளப்பும் புழுதியை ஏர் கிளீனர் பிடிக்க வேண்டும். ஆயில் பாத் வகை கிளீனரில் எண்ணெய் சேறாகிவிட்டாலோ, கிளீனரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்துக் கம்பி கட்டி ஓட்டினாலோ, புழுதி நேராகச் சிலிண்டருக்குள் போகிறது. மண்ணில் உள்ள குவார்ட்ஸ் துகள் வார்ப்பிரும்பை விடக் கடினமானது. ஒரு கோடை முழுக்கக் கிழிந்த ஹோஸோடு ஓடிய என்ஜின், சில வருஷத் தேய்மானத்தை அந்தக் கோடையிலேயே பார்த்துவிடும். அடுத்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, பிளாக்கின் நீர்வழிகளில் சுண்ணாம்புப் படிவு கட்டிவிடுகிறது. வெளியில் ரேடியேட்டர் ஃபின்களுக்கு இடையில் காய்ந்த புல்லும் தென்னை நார்த் தூசியும் அடைத்துக்கொள்கின்றன. சூடேறிக் கொதிக்கும் என்ஜினில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். இந்த ஊரில் பிளாக்கும் ஹெட்டும் உடைவதற்கு அந்தக் கொதிப்பும் அந்த ஒரு குடம் தண்ணீரும்தான் பெரும்பாலும் காரணம். ரோட்டவேட்டர் பளுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கலப்பை உழவில் ஏற்ற இறக்கம் உண்டு, என்ஜினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டில் ரோட்டவேட்டர் ஓடும்போது ஒரு சிலிண்டர் என்ஜின் மணிக்கணக்கில் முழுப் பளுவில் நிற்கிறது.

காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இறக்கிப் பூட்டினால் அதே நோய் அடுத்த வருஷமே வரும். ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டுவிட்டுப் பழைய ஹோஸையே மாட்டி அனுப்பும் பட்டறைகள் உண்டு. அது பட்டறையின் குறை மட்டுமல்ல. "ஹோஸ் இருக்கட்டும், என்ஜினை மட்டும் பாருங்க" என்று சொல்லும் வாடிக்கையாளரும் அதில் பங்காளி.

அடுத்து, நோயைக் கண்டுபிடிப்பது. கொங்குப் பட்டறைகளில் ஆயில் குடிக்கிறது, பிக்கப் இல்லை, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது (ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே கசிகிறது) என்ற மூன்று புகார்களைத்தான் அடிக்கடி கேட்கலாம். கறுப்புப் புகை என்றால் பெரும்பாலும் காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியாகத் தெளிக்கவில்லை, அல்லது பளு அதிகம். இதற்காக என்ஜினை இறக்குவது காய்ச்சலுக்கு வயிற்றைக் கீறுவது போன்றது. நாசிலைக் கழற்றி டெஸ்ட்டரில் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் நிறமாகத் தெரிந்தால் ஹெட் கேஸ்கட்டோ ஹெட்டோ சந்தேகம். நீலப் புகை எண்ணெய் எரிவது. அதிலும் உடனே ரிங் என்று முடிவு கட்டக் கூடாது. வால்வு கைடு தேய்ந்து எண்ணெய் இறங்கினாலும் நீலப் புகைதான் வரும். ஹெட்டை மட்டும் இறக்கி, கைடும் சீலும் மாற்றி, வால்வை லேப்பிங் செய்தால் போகிற புகைக்கு முழு என்ஜினை இறக்கிய வண்டிகள் எத்தனையோ.

ரிங்கா வால்வா என்று பிரிக்கக் கம்ப்ரஷன் கேஜ் உதவும். நாசில் ஓட்டையில் கேஜை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால், நல்ல நிலையில் உள்ள பல சிறு டீசல்கள் 400 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டும். 330ஐ ஒட்டி இறங்கிவிட்டால் திறந்துதான் பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டாலும் திறக்க வேண்டியதுதான். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சில துளி எண்ணெய் விட்டு மறுபடி சுழற்றும்போது அழுத்தம் ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வில் கசிவு. விட வேண்டியது துளிதான். டீசல் என்ஜினில் எரியறையின் இடம் மிகச் சிறிது; எண்ணெய் அதிகமானால் ராட் வளையும்.

திறந்த பிறகுதான் உண்மையான கேள்வி ஆரம்பிக்கிறது. போர் கேஜை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், குறுக்காகவும் நெடுக்காகவும் வைத்து அளக்க வேண்டும். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். 78, 80 மி.மீ. போர் கொண்ட என்ஜின்களில் 0.15 மி.மீ. தேய்ந்தாலே ரீபோர் பேச்சு வந்துவிடும். பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி அதன் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கலாம், புதிதில் 0.3 மி.மீ. அளவில் இருந்தது 1 மி.மீ.ஐத் தாண்டிவிட்டால் ரிங் தன் காலத்தை முடித்துவிட்டது. கிராங்க் ஜர்னலை மைக்ரோமீட்டரால் அளந்து, நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எண்களைக் கம்பெனியின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட வேண்டும்.

கையேடு கையில் இல்லாதவருக்கு இன்னொரு வழி உண்டு. அதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் புட்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. சோதனை ஓட்டம் முடிந்ததும் என்ஜினைப் பிரித்து, போர், பிஸ்டன், ரிங், பேரிங் ஒவ்வொன்றையும் அளந்து, கம்பெனி சொல்லும் தள்ளுபடி எல்லையையும் பக்கத்தில் அச்சிடுகிறார்கள். எந்த அளவைத் தாண்டினால் எந்த உதிரி பயன்படாது என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட எண் அது. புதுசு வாங்கும் முன் குதிரைத்திறனைப் பார்க்கத்தான் அந்த அறிக்கையைத் தேடுவார்கள். பழசைப் பிரித்துப் போட்டிருக்கும் நேரத்தில்தான் அது இன்னும் அதிகம் உதவும்.

அளந்த எண்கள் கைக்கு வந்துவிட்டால் முடிவு பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். போர் எல்லைக்குள் இருக்கிறது, ரிங் மட்டும் போய்விட்டது என்றால் ஹோனிங் செய்து ரிங் மாற்றினால் போதும். போர் எல்லையைத் தாண்டிவிட்டது, கிராங்க் நன்றாக இருக்கிறது என்றால் லைனர் அல்லது ரீபோர். இரண்டும் போய்விட்டால் முழு வேலை. அதற்கும் மேலே போய், கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கில் ஓட்டை விழுந்திருந்தாலோ, மெயின் பேரிங் உட்காரும் இடமே சுழன்று தேய்ந்திருந்தாலோ, கிராங்க் கடைசி அண்டர்சைஸையும் தாண்டிவிட்டாலோ, அங்கேதான் மாற்றுவது நியாயமாகிறது. வார்ப்பிரும்பு பிளாக்கை வெல்டிங் செய்வதில் கோவைப் பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நீர்வழிப் பக்கத்துச் சிறு விரிசலை நிக்கல் ராடால் மூடிவிடுவார்கள். ஆனால் பேரிங் தாங்கியில் விழுந்த விரிசலை மூடி, அதன் மேல் 540 சுற்றில் ரோட்டவேட்டர் ஓட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது எந்த நேரமும் மறுபடி திறந்துகொள்ளும், பக்கத்தில் ஆள் நிற்கும்போதும்.

மாற்றுவது என்று முடிவானால் மூன்று வழி. கம்பெனியிலிருந்து புது என்ஜின் அல்லது ஹெட் இல்லாத அரை என்ஜின் வாங்கலாம். கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் நல்ல நிலையில் உள்ள டிராக்டருக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை, விலைதான் தடை. விபத்தில் கழிந்த அதே மாடல் வண்டியின் பழைய என்ஜினை வாங்கலாம். இதில் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும்: ஹெட்டைத் திறந்து போர் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் பணம். "நல்லா ஓடுன வண்டிங்க" என்ற சொல்லை நம்பி வாங்கியவர், தன் தேய்ந்த என்ஜினைக் கொடுத்துவிட்டு இன்னொருவரின் தேய்ந்த என்ஜினை வாங்கி வந்திருப்பார். மூன்றாவது வழி, மாற்றுக் கம்பெனி என்ஜின். முன்பே சொன்னபடி அது டில்லருக்குத்தான். டிராக்டருக்கு எந்த என்ஜின் ஏறினாலும் ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண் பதிவாகியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. என்ஜின் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், இன்சூரன்ஸிலும் திருத்த வேண்டும். ரசீது இல்லாத பழைய என்ஜின் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். அமெரிக்க வேளாண் பொறியியலாளர் சங்கத்தின் தரக்குறிப்பில் டிராக்டர் பழுதுச் செலவுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. இரண்டு சக்கர இயக்க டிராக்டரின் ஆயுளை 12,000 மணி என்று வைத்து, பழுதுச் செலவு மணிக்கணக்கின் இருமடியில் ஏறுகிறது என்கிறது அது. அதன்படி 3,000 மணியில் மொத்தப் பழுதுச் செலவு வண்டி விலையில் சுமார் 6 சதவீதம், 6,000 மணியில் 25, 9,000 மணியில் 57, 12,000 மணியில் ஏறத்தாழ முழு விலை. அது அமெரிக்கக் கூலிக்குப் போட்ட கணக்கு. நம் ஊருக்கு எண் பொருந்தாது, வளைவின் வடிவம் பொருந்தும். ஆண்டுக்கு 500 மணி ஓடும் தோட்டத்து வண்டி, வாங்கிப் பன்னிரண்டாம் வருஷம் 6,000 மணியைத் தொடும். அந்த இடத்தில் வரும் முதல் முழு என்ஜின் வேலை வளைவின் நடுப்பகுதியில் நிற்கிறது. அதைப் பார்த்து மிரண்டு வண்டியை விற்பவர், அடுத்த ஆறாயிரம் மணியைப் பாதி விலைக்கு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்.

டீசல் மிச்சமாகும், அதனால் புதுசு வாங்குங்கள் என்று ஒரு வாதம் உண்டு. போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 2 லிட்டர், ஆண்டுக்கு 500 மணி என்றால் 1,000 லிட்டர். தேய்ந்த என்ஜின் பத்து சதவீதம் கூடக் குடிக்கிறது என்று வைத்தாலும் 100 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 9,200 ரூபாய். கவனிக்க வேண்டிய தொகைதான். ஆனால் புது டிராக்டர் கடனின் ஒரு வருஷ வட்டியோடு ஒப்பிட்டால் சிறியது. அதே மிச்சம் ரீபோர் செய்த என்ஜினிலும் கிடைக்கும்.

பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கு வைகாசி, ஆனியில் பார் பிடிக்க வேண்டும். அந்த வாரங்களில் வண்டி பட்டறையில் பிரிந்து கிடந்தால், வாடகை வண்டிக்கு வரிசையில் நிற்க வேண்டும். எல்லோருக்கும் அதே வாரம்தான் தேவை. வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை உழவன் செயலியில் பதிவு செய்யலாம், ஆனாலும் உச்ச நாட்களில் எல்லோருக்கும் எட்டாது. ஆகவே எப்போது இறக்குவது என்பது, இறக்குவதா மாற்றுவதா என்பதைவிடச் சில நேரம் முக்கியம். மாசியில் மஞ்சள் வெட்டி முடித்த கையோடு கம்ப்ரஷன் பார்த்து, பங்குனியில் இறக்கி, சித்திரை உழவுக்குப் பூட்டிவிடுவது நல்ல கணக்கு. தென்னை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த நெருக்கடி குறைவு. அவர் இரண்டு மாதம் காத்திருந்து நல்ல பட்டறையில் முறை வாங்கலாம். வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் கணக்கு முற்றிலும் வேறு. அவருக்கு ஆண்டுக்கு ஆயிரம் மணிக்கு மேல் ஓடும், நின்ற நாள் வருமானமே இல்லாத நாள். அவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புது வண்டிக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது.

அரசின் கை இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்கு 50 சதவீதம், மற்றவருக்கு 40 சதவீதம் வரை மானியம். அது புது இயந்திரத்துக்கு. பழைய என்ஜினைச் சீர்செய்ய ஒரு ரூபாயும் இல்லை. வரியும் நீண்ட காலம் இதே பக்கம் சாய்ந்திருந்தது: முழு டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம், அதன் பல உதிரிகளுக்கு 18. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டரும், அதன் டயர், ரேடியேட்டர், ஹைட்ராலிக் பம்பு போன்ற பல உதிரிகளும் 5 சதவீதத்துக்கு இறங்கின. வரி ஓரளவு சமமாகிவிட்டது. மானியம் இன்னும் ஒரு பக்கமே சாய்ந்திருக்கிறது. புது வண்டிக்குத் தரும் தொகையில் ஒரு சிறு பங்கை, அங்கீகரித்த பட்டறையில் அளந்து செய்யும் என்ஜின் வேலைக்குத் தந்தால், அதே பணத்தில் பல மடங்கு வண்டிகள் வயலில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வெளியுலகைப் பார்த்தாலும் இதே பாடம் இரண்டு எதிர்த் திசைகளில் தெரிகிறது. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960களில் விற்ற கப் கேடட் தோட்டத்து டிராக்டர்களில் கோலர் கம்பெனியின் வார்ப்பிரும்பு ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்கள் இருந்தன. ரீபோருக்கு ஏற்ற உலோகம். ஆனாலும் அங்கே கூலி ஏற ஏற, பழைய என்ஜினை எடுத்துவிட்டுப் புது என்ஜினைப் பொருத்துவதே வழக்கமாயிற்று. யாழ்ப்பாணத்தில் நேர்மாறு. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் டீசலும் உதிரியும் வராமல் போனபோது, மண்ணெண்ணெயில் என்ஜின்களை ஓட்டினார்கள். மாற்றுவது என்ற வழியே அடைபட்ட இடத்தில் சீர்செய்யும் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. கொங்கு நாடு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இங்கே கையும் இருக்கிறது, கடையும் இருக்கிறது.

அந்தக் கை நிலைக்குமா என்பதுதான் என் கவலை. ஐ.டி.ஐ.களில் மெக்கானிக் டீசல், மெக்கானிக் டிராக்டர் பிரிவுகள் இருக்கின்றன. படித்து வரும் பிள்ளைகள் ஷோரூம் சர்வீஸுக்கோ கார் கம்பெனிக்கோ போய்விடுகிறார்கள். போர் கேஜை நம்பிக்கையோடு கையில் எடுக்கும் பட்டறைக்காரர்களுக்கு வயதாகிறது. உதிரிச் சந்தையில் டூப்ளிகேட் ரிங்கும் பேரிங்கும் அசல் பெட்டியிலேயே வருகின்றன. நல்ல வேலை செய்தும் டூப்ளிகேட் பேரிங்கால் சீஸ் ஆன ஒரு என்ஜின், இறக்குவதன் மேலேயே அந்த ஊரில் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். ரசீதோடு உதிரி வாங்குவதும், கழற்றிய பழைய உதிரியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் வாடிக்கையாளரின் உரிமை. போர், ரிங் இடைவெளி, ஜர்னல் அளவுகளை ஒரு தாளில் எழுதி, வேலைக்கு முன்னும் பின்னும், கையெழுத்தோடு கேட்க வேண்டும். அப்படித் தரும் பட்டறை ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்தால், பிறகு வண்டியை விற்கும்போது விலை பேசவும் உதவும்.

எல்லாம் பார்த்த பிறகும் சில வண்டிகளுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. பிளாக் உடைந்தவை, கம்பெனியே மூடி உதிரி வராதவை, கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து போனவை. 2020 ஜூலையில் பவர் டில்லர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, முன்பு வந்த சில இறக்குமதி மாடல்களுக்கு உதிரி தேடுவது சிரமமாகிவிட்டது. அவற்றைச் சுமந்துகொண்டு வருஷத்துக்கு இரண்டு முறை பட்டறைக்குப் போவது சிக்கனம் ஆகாது. ஆனால் எடைக்குப் போடுவதற்கு முன் டீசல் பம்பு, நாசில், ஸ்டார்ட்டர், டைனமோ, ரேடியேட்டர், ஹெட் ஆகியவற்றைக் கழற்றித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவற்றைத்தான் தேடிக்கொண்டிருப்பார். எடைக்காரர் தரும் விலையைவிட அவர் தருவது அதிகமாக இருக்கும்.